எதிர்ச்சேரி இல்லாத பாட்டுக்காரன்

2006ஆம் ஆண்டு டிசெம்பரில், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாமில்டன் என்னும் சிறிய ஊரில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன் படுக்கையறையில் கீபோட்டுக்கு முன்னால் இருந்து ஒரு பகிடிப் பாட்டைப் பாடிப் பதிவு செய்தான். தன் குடும்பத்தார் எல்லோரும் தன்னைத் தன்பாலீர்ப்பினன் என்று நினைக்கிறார்கள் என்பதுதான் பாட்டின் பொருள். வெளியூரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குக் காட்டுவதற்காக அதை யூடியூப்பில் ஏற்றினான். யூடியூப் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. கூகுள் நிறுவனம் அதை வாங்கி ஏறக்குறைய இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அண்ணனுக்கென்று போன பாட்டு அண்ணனோடு நிற்காமல் வேறு தளங்களுக்கும் பரவி, ஊர் பேர் தெரியாத ஆயிரமாயிரம் பேரின் கணினிகளில் ஓடியது. போ பர்னம் என்ற கலைஞரின் தொழில் வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

அதே டிசெம்பரில் போரால் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்த சனங்கள் மட்டக்களப்பின் பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் இருந்தார்கள். அந்தப் பாட்டு எங்கள் பக்கம் வந்து சேர்வதற்கான காலம் அதுவல்ல. நான் பர்னத்தைப் பார்க்கத் தொடங்கியபோது அவர் முப்பது வயதைக் கடந்தவராகவும், மேடையை விட்டு விலகி மறுபடியும் ஓர் அறைக்குள் போனவராகவும் இருந்தார். ஆகவே அவருடைய வாழ்க்கையை நான் கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கத்துக்குப் புரட்டியவன். கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கீபோட் வாசிப்பவன் என்பதால், அவருடைய பகிடிகளில் பாதி விளங்காத இடத்திலும் விரல்களும் தாளமும் செய்கிற வேலை எனக்கு விளங்கியது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அந்த வேலையைப் பற்றியும், அந்த வேலைக்கு எதிரே யார் இருந்தார்கள் என்பதைப் பற்றியுமே.

மட்டக்களப்பில் கொம்புமுறி விளையாட்டைப் பார்த்தவர்கள் இன்று குறைவு. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த அந்த விளையாட்டில் ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி இரு பக்கத்தாரும் இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. அதன்பிறகு வென்ற சேரியார் தோற்ற சேரியாரை வசை பாடுவார்கள். அந்த வசைப் பாடல்களில் சில, பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு கேட்கக்கூடியவை அல்ல. ஆனாலும் அங்கே எழுதாத கட்டுப்பாடு ஒன்று இருந்தது: வசைக்கு ஆளானவன் பத்தடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பாடுகிறவனின் மச்சானாகவும் இருக்கலாம். அடுத்த முறை அவனுடைய சேரி வெல்லலாம், அப்போது இவன் நின்று கேட்கவேண்டும். அம்பாறை மாவட்டத்து முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் வாய்மொழியாக வழங்கிவரும் நாலடிக் கவிகளிலும் இதே ஒழுங்குதான் உண்டு. மச்சான் ஒரு கவி சொன்னால் மச்சி மறுகவி சொல்லுவாள். முதல் மூன்று அடியும் மெல்ல நடந்து வந்து நாலாம் அடியில்தான் கொட்டும். கொட்டு வாங்கியவருக்குத் திருப்பிக் கொட்ட உரிமை உண்டு.

பதினாறு வயதுப் பர்னத்தின் அறையில் எதிர்ச்சேரி இல்லை. அவருடைய தொடக்ககாலப் பாட்டுகளின் பலமும் பழுதும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறந்தன என்பது என் எண்ணம். எதிரே ஒருவரும் இல்லாததால் கூச்சமில்லாமல் பாட முடிந்தது. மூச்சுவிடும் இடைவெளியைக்கூட விடாமல் சொற்சிலம்பத்தை அடுக்க முடிந்தது. இனம், பாலினம், உடற்குறை என எதையும் விட்டுவைக்காத அந்தப் பாட்டுகளில், யாரைப் பற்றிப் பாடுகிறோமோ அவர் கேட்டால் எப்படி இருக்கும் என்ற யோசனை மட்டும் இல்லை. கமராவுக்கு முகம் சுளிக்கத் தெரியாது. 2009இல் மிசூரி மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் அவர் பாடச் சென்றபோது மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பாட்டில் கொட்டு வாங்கியவர்கள் கண்முன்னே வந்து நின்றது அவருக்கு அப்போதுதான் பழக்கமாகத் தொடங்கியிருக்கவேண்டும்.

அதற்கு முன்பே தொழில் வேகமாக ஓடத் தொடங்கிவிட்டது. 2008இல் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கொமெடி சென்ட்ரல் தொலைக்காட்சி நிறுவனத்தின் இசைத்தட்டுப் பிரிவோடு ஒப்பந்தமானார். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்க இடம் கிடைத்திருந்தும் போகவில்லை. பதினெட்டு வயதில் அந்தத் தொலைக்காட்சியின் அரைமணி நேர மேடை நிகழ்ச்சியைச் செய்து, அதைச் செய்தவர்களில் மிக இளையவர் என்ற பெயரைப் பெற்றார். தகப்பன் கட்டட வேலை எடுத்துச் செய்பவர், தாய் மரணத் தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் தாதி. அப்படியான வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தைத் தள்ளிவைத்துப் பகிடிப் பாட்டுக்குப் போனது அமெரிக்காவிலும் சின்ன விசயமாக இருந்திருக்காது. எங்கள் ஊரில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளை இப்படிச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2010 ஓகஸ்டில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ கலைவிழாவுக்குத் தன் தனிமேடை நிகழ்ச்சியைக் கொண்டுபோய் அங்கே நடுவர்குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றார். அந்த மாதத்தில்தான் அவருக்கு இருபது வயது நிறைந்தது. அந்த விழாவுக்கு வருகிற சனம் நாளுக்குப் பல நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சலித்த சனம். யூடியூப்பில் பெயர் எடுத்த பையன் என்பதற்காகச் சிரிக்க அவர்களுக்கு ஒரு கடமையும் இல்லை.

மேடை அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதை 2013 டிசெம்பரில் வெளியான ‘வொட்’ நிகழ்ச்சியில் தெளிவாகப் பார்க்கலாம். இங்கேதான் கீபோட்காரனாகிய நான் எழும்பி நின்று பார்த்தேன். கல்யாண வீட்டு மேடைகளில் நாங்களும் பதிவு செய்த ட்ராக்கை ஓடவிட்டு அதன்மேல் வாசிப்பவர்கள்தான். ட்ராக்குக்குக் கண் கிடையாது, காது கிடையாது. பாடகர் ஒரு வரியைத் தவறவிட்டால் அது காத்திருக்காது, சபையில் சிரிப்பு எழுந்தாலும் நின்று கேட்காது. பர்னம் அந்தக் குருட்டு ட்ராக்கை வைத்துக்கொண்டு ஒரு முழு நாடகத்தையே நடத்துகிறார். நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில் மூன்று குரல்கள் ஒலிபெருக்கியிலிருந்து அவரிடம் பேசுகின்றன. பள்ளிக்கூடத்தில் உடன்படித்த பெண், தொழில் முகவர், இன்னொருவன் என்று ஒவ்வொருவரும் அவரைத் தமக்குத் தெரியும் என்ற தொனியில் குத்திப் பேசுகிறார்கள். அவர் பதில் பேசாமல் நிற்கிறார். பிறகு கையை அசைக்கிறார். அசைத்த இடத்தில் அந்தப் பெண்ணின் ஒரு சொல் திரும்ப ஒலிக்கிறது. இன்னொரு பக்கம் அசைக்கிறார். முகவரின் சொல் ஒன்று அதனோடு தாளமாகச் சேர்கிறது. கடைசியில் அவரை ஏசிய சொற்களே அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரு பாட்டாகிவிடுகின்றன. கையசைவுக்கும் ஒலிக்கும் இடையில் இம்மியளவு பிசகினாலும் முழுவதும் கெட்டுவிடும். பார்ப்பவருக்கு அந்த நேரத்தில் தோன்றியதுபோலத் தெரிகிற ஒவ்வொன்றும் எத்தனையோ ஒத்திகைக்குப் பிறகு எலும்பில் ஊறியது.

அந்த மூன்று குரல்களின் பேச்சையும் எழுதியவர் அவர்தான். எதிரே நிற்க ஆள் இல்லாதவர் தன் எதிர்ச்சேரியைத் தானே செய்துகொண்டார் என்று நான் இதை வாசிக்கிறேன். அதே நிகழ்ச்சியில் அவருடைய மூளையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் பிரிந்து நின்று ஒன்றையொன்று ஏசிச் சண்டைபிடிக்கிற பாட்டும் உண்டு. மறுகவி சொல்ல மச்சி இல்லாத ஊரில் மச்சானே இரண்டு குரலில் பாடுகிற வேலைதான் அது. நிகழ்ச்சியை நெட்பிளிக்ஸில் வெளியிட்ட அதே நாளில் யூடியூப்பிலும் காசில்லாமல் பார்க்க விட்டார். தன்னை வளர்த்த இடத்துக்குச் செலுத்திய கடனாக இது இருக்கலாம், அல்லது நல்ல வியாபாரக் கணக்காகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்திருந்தாலும் குற்றமில்லை. அதே ஆண்டில் எம்டிவியில் அவர் எழுதி நடித்த தொடர் ஒன்று ஒரு பருவத்தோடு நிறுத்தப்பட்டது.

இந்த இடத்தில் அவருடைய பகிடி சொல்லிலிருந்து இசைக்கு மாறத் தொடங்கியதையும் சொல்லவேண்டும். ஆரம்பப் பாட்டுகளில் இசை ஒரு கதிரை மாத்திரம். நாலு ஸ்வரக்கூட்டுகள் சுற்றிச் சுற்றி வரும், சொற்கள் அதன்மேல் ஏறி இருந்து வித்தை காட்டும். ஆங்கிலச் சிலேடை பிடிபடாத என்னைப் போன்றவர்களுக்கு அவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை. பிற்காலத்தில் அவர் எந்த வகைப் பாட்டைக் கேலி செய்கிறாரோ அந்த வகையின் இசையமைப்பையே உள்ளும் புறமும் சரியாகச் செய்துகாட்டினார். எங்களுக்குச் சிரிப்புப் பாட்டு என்றால் பைலாத் தாளம்தான். போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசையும், ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் எங்கள் காதில் போட்டுவிட்ட பழக்கம் அது. அந்தத் தாளம் ஒலித்தவுடனேயே சபை சிரிக்கத் தயாராகிவிடும். பர்னம் இதற்கு எதிர்த்திசையில் போகிறார். உருக்கமான காதல் பாட்டின் இசையை உருக்கம் குறையாமல் வாசித்துக்கொண்டு, அதற்குள்ளே சந்தைப்படுத்தலின் கணக்கு வழக்கைச் சொல்லுகிறார். 2016இல் வெளியான ‘மேக் ஹப்பி’ நிகழ்ச்சியில், மைதானம் நிறைய ஆட்களைச் சேர்க்கும் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களைக் கேலி செய்கிற பாட்டில் இதைக் கேட்கலாம். உழவனின் மண்வாசனையைப் பாடி உழவனிடமே நுழைவுச்சீட்டு விற்கிற தந்திரம் உலகமெங்கும் ஒன்றுதான் என்பதால் எங்களுக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

அந்த நிகழ்ச்சியில் சபைக்கு முன்னால் பாடிய கடைசிப் பாட்டை நான் பலருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். குரலை இயந்திரத்தால் ஸ்வரத்துக்கு நெளிக்கிற ஓட்டோடியூன் முறையில், பெரிய நட்சத்திரங்கள் மேடையில் தங்கள் மனக்குறையைக் கொட்டுகிற பாணியில், அவர் இரண்டு குறைகளைப் பாடுகிறார். முதலாவது, பிரிங்கிள்ஸ் சிப்ஸ் பேணியின் வாய் ஒடுக்கமாக இருப்பதால் கை உள்ளே நுழையவில்லை என்பது. இரண்டாவது, சாப்பிட வாங்கிய பரீட்டோவுக்குள் எல்லாவற்றையும் அளவுக்கு மிஞ்சித் திணித்துவிட்டதால் சுற்றிய ரொட்டி பிய்ந்துவிட்டது என்பது. விளக்குகள் பளிச்சிட, தாளம் அதிர, பேணியும் ரொட்டியும் உலகத் துயரமாகின்றன. சபை வயிறு வலிக்கச் சிரிக்கிறது. பாட்டு நிற்காமலே திசை திரும்புகிறது. தன் பெரிய பிரச்சினை உண்மையில் எதிரே இருக்கும் நீங்கள்தான் என்று சபையைப் பார்த்துச் சொல்லத் தொடங்குகிறார். உங்களைச் சந்தோசப்படுத்தவும் வேண்டும், எனக்கு உண்மையாகவும் இருக்கவேண்டும். உங்களில் அன்பும் உண்டு, வெறுப்பும் உண்டு, உங்களை நினைத்துப் பயமும் உண்டு என்பது சாரம். சிரித்துக்கொண்டிருந்த சனத்துக்கு எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்துவது என்று தெரியவில்லை. இசை மாறவில்லை என்பதுதான் அந்தப் பாட்டின் சூட்சுமம். பேணிக்கு வந்த அதே இசைதான் மனநோவுக்கும் வருகிறது.

அது வெறும் நடிப்பாக இருக்கவில்லை. மேடையில் பாடும்போதே திடீர்ப் பீதி அவரைப் பிடித்து ஆட்டத் தொடங்கியிருந்தது. நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிற அந்த நிலை சபைக்கு முன்னால் வந்தால் என்ன செய்வது என்பதை நினைத்தாலே மேடையில் நிற்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தச் சுற்றுப்பயணத்தோடு மேடையை விட்டார். பிறகு அடுத்தவர்களின் மேடையைப் படம்பிடிக்கப் போனார். 2018இல் வெளியான, நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ரொக்கின் நிகழ்ச்சியை இயக்கியவர் இவர்தான். அதே ஆண்டில் அவர் எழுதி இயக்கிய ‘எய்த் கிரேட்’ திரைப்படம் வெளிவந்தது. அதில் வரும் பதின்மூன்று வயதுச் சிறுமி, தன்னம்பிக்கையோடு வாழ்வது எப்படி என்று ஊருக்குப் புத்தி சொல்லும் வீடியோக்களைத் தன் அறையிலிருந்து ஏற்றுகிறாள். பார்ப்பதற்கோ ஆள் இல்லை. தான் பதினாறு வயதில் பெற்ற அதிர்ஷ்டத்தைப் பெறாத பிள்ளையைப் பற்றிப் படமெடுக்க அவருக்குத் தோன்றியது எனக்கு மிகவும் பிடித்தது. முதற்படத்துக்கான அமெரிக்க இயக்குநர் சங்கத்தின் விருதும், எழுத்தாளர் சங்கத்தின் திரைக்கதை விருதும் அவருக்குக் கிடைத்தன.

2021 மே 30ஆம் திகதி ‘இன்சைட்’ நெட்பிளிக்ஸில் வெளியானது. இலங்கையில் அப்போது பயணத்தடை. மே மாதத்துக் கடைசியில் போட்டது ஜூன் 21 வரை நீண்டது. கல்யாண வீடுகளும் இல்லை, திருவிழாக்களும் இல்லை, கீபோட் உறைக்குள் கிடந்தது. தங்கச்சியின் மகன் தன் போனில் போட்டுக் காட்டியபோது அவன் முதலில் கேட்டது, “என்ன மாமா, இதில ஒருத்தரும் சிரிக்கிறாங்க இல்லையே?” என்பதுதான். கேட்கவேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டான். லொஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டு வளவுக்குள் இருக்கும் சின்ன விருந்தினர் வீட்டில், கொவிட் காலத்தில், விளக்கு, கமரா, ஒலிப்பதிவு, வெட்டி ஒட்டுதல் எல்லாவற்றையும் தனியே செய்து அவர் அந்த நிகழ்ச்சியை உருவாக்கினார். சபை இல்லை, சிரிப்பு இல்லை, கைதட்டல் இல்லை. தொடக்கப் பாட்டில் தலையில் கட்டிய விளக்கை அண்ணாந்து திருப்ப, கூரையில் தொங்கும் கண்ணாடி உருண்டையில் பட்டு அறை முழுவதும் ஒளிப்பொட்டுகள் சிதறுகின்றன. ஒரு தலைவிளக்கும் ஒரு கண்ணாடி உருண்டையும். எங்கள் கல்யாண மண்டபங்களில் இதைவிடக் கூடுதலான சாமான்கள் உண்டு.

மேடைக்குத் திரும்பலாம் என்று 2020 ஜனவரியில் மனம் தேறியதாகவும், அப்போதுதான் மிகவும் வேடிக்கையான ஒன்று நடந்தது என்றும் அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே ஒரு பாட்டின் நடுவில் சொல்லுகிறார். இந்தப் பாட்டுக்குச் சபையின் ஆரவாரத்தைப் பதிவு செய்து சேர்த்திருக்கிறார். இல்லாத சனத்தைக் கையை உயர்த்தச் சொல்லி அழைக்கிறார். உயர்த்த அங்கே கை இல்லை.

என் கணக்கில் ‘இன்சைட்’டின் நடுநாயகம் வேறொரு சிறிய பகுதி. சம்பளமில்லாமல் வேலை வாங்கப்படும் பயிலுநர்களைப் பற்றி ஒரு குட்டிப் பாட்டைப் பாடுகிறார். உடனே, யூடியூப்பில் மற்றவர்களின் பாட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஆட்களைப் போல, தன் பாட்டைத் தானே பார்த்துக் கருத்துச் சொல்லுகிறார். வீடியோ நிற்காமல் ஓடி, அவர் கருத்துச் சொன்ன காட்சியையே காட்டத் தொடங்குகிறது. இப்போது கருத்துக்குக் கருத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அதற்கும் மேலே இன்னொன்று. ஒரு கட்டத்தில், நான் சற்றுப் பெரிய ஆள்போல் காட்டிக்கொள்ளுகிறேன், மற்றவர்கள் என்னைக் குறை சொல்லுமுன் நானே சொல்லிவிட்டால் தப்பிக்கலாம் என்பது என் புத்தி என்று ஒப்புக்கொள்ளுகிறார். அடுத்த மடிப்பில் அந்த ஒப்புதலையும் விடுவதில்லை. தன் குறையைத் தான் அறிந்திருப்பது எந்தக் குற்றத்தையும் கழுவாது என்கிறார். தானே தனக்கு எதிர்ச்சேரியாக நிற்கிற வித்தையை எட்டு வருடங்களுக்கு முன் மேடையில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர், அந்த வித்தை போதாது என்பதை இங்கே தன் வாயாலேயே பாடிவிட்டார். தன் இளமைக்கால நடத்தைக்காக மன்னிப்புக் கேட்கிற பாட்டொன்றும் அதே நிகழ்ச்சியில் உண்டு. மன்னிப்பை உடற்பயிற்சிக்கூட ஆட்டம்போல ஆடிக்கொண்டே கேட்கிறார். மன்னிப்புக் கேட்பதும் ஒரு நிகழ்ச்சியாகிவிட்ட காலத்தை அதில் கிண்டலடிக்கிறார். மனம் வருந்துகிறாரா, வருந்துகிறவர்களை நையாண்டி செய்கிறாரா என்று கேட்டால் இரண்டும்தான். கொம்புமுறிக் களத்தில் இந்தக் குழப்பம் வராது. அங்கே மன்னிப்பை ஏற்கிறவனோ மறுக்கிறவனோ முகத்தோடு நின்றான்.

விருதுகள் குவிந்தன. எம்மி விருதுகள் மூன்று, இயக்கத்துக்கும் எழுத்துக்கும் இசைக்கும் தனித்தனியாகக் கிடைத்தன; 2022இல் கிராமி விருதும் வந்தது. நிகழ்ச்சி வெளியாகி ஓராண்டு நிறைந்த அதே மே 30ஆம் திகதி, வெட்டி விட்ட பகுதிகளைத் தொகுத்து யூடியூப்பில் ஒரு மணிநேர அளவில் காசில்லாமல் ஏற்றினார். அந்தத் தொகுப்பில் ஒரே வரியை வெவ்வேறு விதமாகப் பாடிப் பார்ப்பதும், விளக்கைச் சரிசெய்வதும், பிழைத்துப்போன எடுப்புகளும் இருக்கின்றன. இசையோடு தொழில் செய்பவர்களுக்கு விருது பெற்ற வடிவத்தைவிட இதில் படிக்க நிறைய உண்டு.

கல்லடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் போனை நிறுத்தி வைத்துப் பகிடிப் பாட்டுப் பாடி டிக்டொக்கில் போடுகிற பொடியன்கள் இன்று நிறையப் பேர். எங்கள் பேச்சு வழக்கிலேயே பாடுகிறார்கள். சிலருக்கு நல்ல தாளஞானம் இருக்கிறது. அவர்களுக்கும் எதிரே இருப்பது கமராதான். கீழே விழுகிற கருத்துகளை மறுகவி என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முகமில்லாத பெயரில் ஒருவன் ஏசிவிட்டுப் போவது வசையாக இருக்கலாம், அவன் அடுத்த வைகாசியில் எதிர்ச்சேரியில் வந்து நிற்கப்போவதில்லை. ஆனால் இவர்களுக்கு ஹாமில்டன் பையனுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. பாட்டில் மாமியைக் கிண்டல் செய்தால் பின்னேரம் சந்தையில் மாமியே எதிரே வருவா. அப்படி எதிர்கொண்ட ஒரு பொடியன் அடுத்த வீடியோவில் அந்த மாமியையே கூட்டிவந்து பதில் பாட வைத்ததை நான் பார்த்தேன். பாட்டு சுமார்தான். மாமியின் நாலாம் அடி மட்டும் நன்றாகக் கொட்டியது.

பர்னத்தைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் 2006ஆம் ஆண்டுப் பாட்டுகளிலிருந்து தொடங்கவேண்டாம். அவற்றில் பல பழசாகிவிட்டன, சில அப்போதே புளித்தவை. யூடியூப்பில் இருக்கும் ‘வொட்’டை முதலில் பாருங்கள், ஆங்கிலம் சிரமமென்றால் எழுத்துவரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன்பிறகு ‘மேக் ஹப்பி’யின் கடைசி இருபது நிமிடங்கள். ‘இன்சைட்’டை இரவில், நல்ல ஹெட்போன் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் போனின் சின்ன ஒலிபெருக்கியில் அந்த நிகழ்ச்சியின் தாழ்ந்த ஸ்வரங்கள் ஒன்றுமே கேட்காது.